தொடக்க ஊகம்: பூஜ்யம் போட்டால் போதுமா?

கேள்வி: பிராட்டு சமன்பாட்டை (ஒய்-யின் இரண்டாம் வகைக்கெழு + லாம்டா × இ-யின் ஒய் அடுக்கு = 0; எக்ஸ் 0-விலும் 1-லும் ஒய் = 0) லாம்டா 1 என வைத்து பைத்தானின் சைபை என்ற கணக்கீட்டு நூலகத்தில் போட்டேன். நடுப்புள்ளியில் 0.14 வருகிறது. தோழிக்கு 4.09. எது சரி?

பதில்: இரண்டுமே சரி. லாம்டா 0-க்கும் 3.5138-க்கும் இடையில் இருக்கும்வரை இதற்கு இரண்டு தீர்வுகள் உண்டு. உங்களுக்கு எது கிடைக்கும் என்பதைத் தொடக்க ஊகம்தான் (தீர்வு இப்படி இருக்கலாம் என்று நீங்கள் முதலில் கொடுக்கும் மதிப்புகள்) தீர்மானிக்கிறது. பூஜ்யம் கொடுத்தால் சிறிய தீர்வு வரும். பெரியது வேண்டுமானால் 16 × எக்ஸ் × (1 − எக்ஸ்) கொடுங்கள்: நடுவில் 4, ஓரங்களில் 0.

அத்துடன் விட்டுவிடக் கூடாது. ஊகத்தில் உயரத்துக்கு (ஒய்) ஓர் எண்வரிசை, சாய்வுக்கு (ஒய்-யின் முதல் வகைக்கெழு) இன்னொன்று. சாய்வுக்கான வரிசையில் மேலே சொன்ன உயரத்தின் வகைக்கெழுவான 16 − 32எக்ஸ் இருக்க வேண்டும். பலர் அந்த வரிசையைப் பூஜ்யமாகவே விடுகிறார்கள். உயரம் 4 வரை ஏறுகிறது, சாய்வோ 0 என்றால் ஊகம் தனக்குத்தானே முரண்படுகிறது. ஊகத்தைப் படிப்படியாகத் திருத்தும் நியூட்டன் முறை அதைச் சரிசெய்வதிலேயே வழிதவறலாம்.

வெப்பக் கணக்காக இதைப் பார்த்தால், தானாகச் சூடேறும் தகட்டில் நிலைத்து நிற்பது சிறிய தீர்வு மட்டுமே. 3.5138-ஐத் தாண்டினால் தீர்வே இல்லை. அங்கே ஊகத்தை மாற்றி மாற்றிப் பார்ப்பது வீண் வேலை. அந்த எல்லையை நெருங்க லாம்டாவை 1, 2, 3, 3.3, 3.5 என உயர்த்தி, ஒவ்வொரு தீர்வையும் அடுத்ததற்கு ஊகமாகக் கொடுங்கள்.

கேள்வி: சுவரை ஒட்டிப் பாயும் மெல்லிய அடுக்கைப் பற்றிய பிளாசியஸ் எல்லைப்படலக் கணக்கில் (மூன்றாம் வகைக்கெழு + அரை × எஃப் × இரண்டாம் வகைக்கெழு = 0) முடிவிலிக்குப் பதில் 50 போட்டு, 11 புள்ளிகள் கொடுத்தேன். கணுக்கள் (கணக்கிடும் புள்ளிகள்) போதவில்லை என்கிறது. கணு வரம்பை உயர்த்தலாமா?

பதில்: முதலில் அதைத் தொடாதீர்கள். உங்கள் புள்ளிகளின் இடைவெளி 5. திசைவேகம் (எஃப்-பின் முதல் வகைக்கெழு) 0.99-ஐத் தொடுவதோ ஈட்டா (சுவரிலிருந்து உள்ள அளவிட்ட தூரம்) 4.9 அளவிலேயே. படலம் முழுவதும் உங்கள் முதல் இடைவெளிக்குள் மறைந்துவிட்டது.

ஈட்டா 6 வரை மட்டும் எடுத்து, 30 புள்ளிகள் வையுங்கள். திசைவேகத்துக்கு 1 − இ-யின் (−ஈட்டா) அடுக்கு நல்ல ஊகம். சுவரில் 0, வெளியே கிட்டத்தட்ட 1. அதைத் தொகையிட்டால் எஃப், வகையிட்டால் இரண்டாம் வகைக்கெழு. மூன்று வரிசைகளும் ஒன்றுக்கொன்று பொருந்திவிடும்.

அடுத்து 8, பிறகு 10. நீட்டிய பகுதியில் திசைவேகம் 1, இரண்டாம் வகைக்கெழு 0. எஃப்-பை மட்டும் கடைசி மதிப்பிலேயே நிறுத்தாதீர்கள், ஈட்டாவோடு சேர்ந்து அது ஏற வேண்டும். சுவரில் இரண்டாம் வகைக்கெழு 6-ல் 0.3326, 8-ல் 0.3321. 10-லும் 0.3321-தான் என்றால் அதற்கு மேல் நீட்டத் தேவையில்லை.

கேள்வி: ஊக அணியின் அளவு பொருந்தவில்லை என்று பிழை வருகிறதே?

பதில்: சைபையில் மாறிக்கு ஒரு வரிசை, புள்ளிக்கு ஒரு நெடுவரிசை. 3 மாறி, 30 புள்ளி என்றால் 3 × 30. திருப்பிப் போட்டிருப்பீர்கள்.