சேமிப்பது ஒன்று, பார்ப்பது ஒன்று

கேள்வி: ஆவணப்படங்கள், நீண்ட கட்டுரைகள் என்று தேடித் தேடிச் சேமிக்கிறேன். பட்டியலில் நூற்றுக்கு மேல் கிடக்கின்றன. இரவில் போனை எடுத்தால் மட்டும் குட்டி வீடியோக்களிலேயே இரண்டு மணி நேரம் போய்விடுகிறது. எனக்கு உண்மையில் எதுதான் பிடிக்கும்?

பதில்: இரண்டுமே பிடிக்கும். ஆனால் எதை, எப்போது தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதில்தான் வித்தியாசம். 1999-இல் ரீட், லோவன்ஸ்டைன், கல்யாணராமன் ஆகிய மூவர் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வெவ்வேறு நாளில் பார்க்க மூன்று படங்கள் எடுக்கச் சொன்னார்கள். அன்றே பார்க்கும் முதல் படத்துக்குக் கனமான படத்தை எடுத்தவர்கள் 44 சதவீதம். சில நாள் கழித்துப் பார்க்க வேண்டிய மூன்றாவது படத்துக்கு அதுவே 71 சதவீதம். நாளைக்கென்றால் எல்லோருக்கும் ஆர்வம் பொங்கும், உழைப்பு நாளைக்குத்தானே!

அன்று வீடியோ கேசட் காலம். இன்று இதில் இன்னொரு கை சேர்ந்திருக்கிறது. 2012 முதல் யூடியூப், எத்தனை பேர் சொடுக்கினார்கள் என்பதைவிட எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதற்குப் பரிந்துரையில் அதிக எடை தருகிறது. நீங்கள் ஆசையாகச் சேமித்து, திறக்காமலே விட்ட படம் அந்தக் கணக்கில் ஏறாது. தூக்கக் கலக்கத்தில் பார்த்த நாற்பது குட்டி வீடியோக்கள் ஏறும். மறுநாள் முகப்பில் வந்து நிற்பவை அவற்றின் உறவினர்கள்தான்.

ஆகவே மனவுறுதியைக் குறை சொல்லாதீர்கள். தேர்வை இரவிலிருந்து பகலுக்கு நகர்த்துங்கள். பட்டியலில் மூன்றை மட்டும் வைத்து மற்றதை அழியுங்கள். நூறு இருந்தால் தேடுவதே ஒரு வேலையாகி, தேடும்போதே விரல் வழுக்கிவிடும். காலையிலேயே அன்றைக்கான ஒன்றைத் திறந்து, முதல் இரண்டு நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். பாதியில் நிற்பதைத் தொடர்வது, புதிதாக ஆரம்பிப்பதைவிட எளிது. இரவில் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை, தொடர்ந்தால் போதும்.

அடுத்தது தானாக ஓடும் வசதியை அணையுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான்: போனில் அணைத்துவிட்டு டிவியில் விட்டுவிடுவார்கள். நெட்ஃபிளிக்ஸில் இது ஒவ்வொரு புரொஃபைலுக்கும் தனி. அடுத்த பகுதிக்கு ஒரு பொத்தான், முன்னோட்டத்துக்கு வேறொரு பொத்தான். யூடியூபில் பார்த்தவற்றின் வரலாற்றை அழித்து, பதிவாவதையும் நிறுத்தினால் முகப்பு கிட்டத்தட்ட காலியாகிவிடும். முதலில் வெறிச்சென்று இருக்கும். அது தாங்காவிட்டால், இழுத்துச் செல்லும் வீடியோக்களை மட்டும் வரலாற்றிலிருந்து ஒவ்வொன்றாக நீக்குங்கள்.

களைத்துப்போன இரவில் குட்டி வீடியோ பார்ப்பதைக் குற்றமாக நினைக்க வேண்டாம். இருபது நிமிடம் என்று அலாரம் வைத்துப் பாருங்கள். போனை மட்டும் கைக்கெட்டாத இடத்தில் வையுங்கள். அலாரத்தை அணைக்க எழுந்து போக வேண்டியிருக்காவிட்டால், படுத்தபடியே அணைத்துவிட்டு மேலே தள்ளுவீர்கள். வீடியோவை டிவியிலோ டேப்லெட்டிலோ பாருங்கள்.