மாமாவின் பக்தியும் மாடி வீடும்

அன்புள்ள ஐயா,

மதுரையில் இருக்கும் என் தாய்மாமா, கோயிலுக்குப் போய்வராமல் காபிகூடக் குடிக்காதவர். அவருடைய மாடி வீட்டை வாடகைக்குக் கேட்டு வேறு மதத்தைச் சேர்ந்த ஒரு குடும்பம் வந்தது. "வேறு ஆளுக்குப் பேசி முடித்தாயிற்று" என்று பொய் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். "உங்கள் மதம்தான் இப்படிச் செய்ய வைக்கிறது" என்றேன். "மதம் இல்லாதவனுக்கு இரக்கம் எங்கிருந்து வரும்?" என்று திருப்பிக் கேட்டார். மதச்சார்பின்மை ஒன்றுதான் மனிதர்களைச் சேர்ந்து வாழவைக்கும் என்று நான் நம்புகிறேன். உங்கள் கருத்து என்ன?

ச., திருப்பூர்

அன்புள்ள ச.,

உங்கள் கட்சிக்கு வலுவான சாட்சி பிரான்சில் இருக்கிறது. புராட்டஸ்டண்டுகளுக்கு வழிபாட்டு உரிமை தந்த நாந்த் ஆணையை 1685இல் பதினான்காம் லூயி ரத்து செய்தார். அதன் பிறகு பிடிபட்ட ஆண்களைக் கப்பலில் துடுப்பு வலிக்க அனுப்பினார்கள். பெண்களை எக்-மோர்த் நகரின் கான்ஸ்டன்ஸ் கோபுரத்தில் அடைத்தார்கள். மரி துரான் என்ற பெண் 1730இல் அங்கே போனபோது அவருக்கு 20 வயதுகூட ஆகவில்லை. அவருடைய அண்ணன் போதகர், குற்றம் அவ்வளவுதான். தன் மதத்தை விட்டுவிட்டதாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வெளியே வந்திருக்கலாம். சொல்லவில்லை. 38 ஆண்டுகள் கழித்து 1768இல்தான் விடுதலையானார். "எதிர்த்து நில்" என்று அங்கே கல்லில் கீறப்பட்ட சொல் இன்றும் இருக்கிறது. அவருடையது என்றே மக்கள் சொல்கிறார்கள்.

அந்த மக்களுக்கும், 1791இல் யூதர்களுக்கும் முழுக் குடியுரிமை தந்தது எந்தத் திருச்சபையும் அல்ல, புரட்சி அரசு. இதை மறைத்துப் பேசுகிற எந்தப் பக்திமானோடும் எனக்கு உடன்பாடு இல்லை.

ஆனால் அதே பிரான்சில், அரசையும் சபையையும் பிரித்த 1905ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வளர்ந்த அதிகாரிகள்தான், 1940 அக்டோபரில் விஷி அரசு (ஜெர்மனியிடம் தோற்ற பிறகு ஹிட்லரோடு ஒத்துழைத்த பிரெஞ்சு அரசு) யூதர்களுக்கு எதிராகச் சட்டம் போட்டபோது அதையும் நிறைவேற்றினார்கள். 1942 ஜூலையில் பாரிசில் இரண்டே நாளில் சுமார் 13,000 யூதர்களைக் கைது செய்தது பிரெஞ்சு போலீஸ். அவர்களில் 4,000க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். சட்டம் மாறியதும் கையெழுத்துப் போடுகிறவர்களும் மாறிவிட்டார்கள்.

அப்போது தென்பகுதியின் மலைமேட்டில் லெ ஷம்போன் என்ற ஊர் வேறு விதமாக நடந்துகொண்டது. கோபுரத்தில் அடைபட்டவர்களின் மரபில் வந்த விவசாயிகள் வாழ்ந்த ஊர் அது. போர் தொடங்கிய பிறகு வந்த ஒரு குளிர்காலத்தில், ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூதப் பெண் ஒருவர் போதகர் வீட்டுக் கதவைத் தட்டினார். போதகர் ஆந்த்ரே த்ரோக்மேயின் மனைவி மக்தா அவரை உள்ளே வரச் சொல்லி, அடுப்பருகே உட்காரவைத்துச் சாப்பாடு போட்டார். அவருக்கு ஏதாவது பத்திரம் வாங்கித் தரலாம் என்று ஊர்த் தலைவரிடம் போனால், "வெளியாளுக்காக நம் ஆட்களை ஆபத்தில் தள்ளுவதா?" என்று கோபப்பட்டாராம். ஊர் முழுவதும் ஒரே நாளில் துணிந்துவிடவில்லை. பிறகுதான் பண்ணை வீடுகளும் விடுதிகளும் நிரம்பின. யூதர்களின் பட்டியலைக் கேட்ட அதிகாரியிடம், "யூதர் யார் என்று எங்களுக்குத் தெரியாது, மனிதர்களைத்தான் தெரியும்" என்றார் த்ரோக்மே. அடைக்கலம் தந்தவர்கள் அதற்கு விலையாக மதமாற்றம் கேட்கவில்லை. எனக்கு அவர்கள்மேல் உள்ள மரியாதையில் பாதி இதனால் வந்தது.

ஆகவே, இரக்கம் மதத்திலிருந்தும் வரும் என்று உங்கள் மாமா சொன்னால் ஒப்புக்கொள்ளுங்கள். பிறகு, அந்தக் குடும்பம் கேட்டபோது அது எங்கே போயிற்று என்று கேளுங்கள். அவருடைய தெய்வத்தை வைத்தே கேளுங்கள். அவரை நாத்திகராக்கிவிட்டுத்தான் இதைப் பேச வேண்டும் என்பதில்லை. அவர் அசையவில்லை என்றால் அந்தக் குடும்பத்துக்குப் போக இடமில்லை என்பதுதான் என் கவலை. நம் அரசியலமைப்பின் 15ஆவது பிரிவு கடை, உணவகம், கிணறு, சாலை எல்லாவற்றிலும் மதத்தைக் காட்டித் தடுக்கக் கூடாது என்கிறது. தனியார் வாடகை வீட்டைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. அங்கே சட்டம் வர வேண்டும்.

தாங்களும் ஒருகாலத்தில் துரத்தப்பட்டவர்கள் என்ற நினைவுதான் லெ ஷம்போனைக் காப்பாற்றியது என்பார்கள். பெருமளவு உண்மை. ஆனால் ஜெனீவாவும் பிரான்சிலிருந்து தப்பி ஓடிவந்த அகதிகளின் நகரம்தான். புராட்டஸ்டண்ட் சீர்திருத்தவாதி கால்வினின் செல்வாக்கு ஓங்கியிருந்த அந்த நகரம், கடவுள் மூவொருவர் என்ற திரித்துவக் கொள்கையை மறுத்த ஸ்பானிய மருத்துவர் மிகேல் செர்வெட்டை 1553இல் உயிரோடு எரித்தது. அதே நினைவு, அதே வேதம். ஜெனீவாவில் தண்டிக்கும் அதிகாரமும் கூடவே இருந்தது. லெ ஷம்போன் போதகருக்கு அது இல்லை. என் கணக்கில் முதன்மையான வேறுபாடு இதுதான்.

அந்த எரிப்பை உரக்கக் கண்டித்தவரும் ஒரு விசுவாசிதான். பைபிளை லத்தீனிலும் பிரெஞ்சிலும் மொழிபெயர்த்த செபாஸ்டியன் காஸ்டெல்லியோ, "ஒரு மனிதனைக் கொல்வது கொள்கையைக் காப்பதாகாது, அது ஒரு மனிதனைக் கொல்வதுதான்" என்று எழுதினார். அவர் 1563இல் இறந்தார். அந்த வரி இருக்கும் நூல் 1612இல்தான் அச்சேறியது. அப்படி ஒரு பக்தர் தன் சபைக்கு எதிராக எழுதி, உயிரோடிருக்கும்போதே அதை அச்சில் பார்க்க வேண்டும் என்பதற்காகவும் நான் மதச்சார்பற்ற அரசைக் கேட்கிறேன்.