காருக்குள் காற்றிரைச்சலும் சாலை இரைச்சலும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்திருக்கும் கேள்விகளில் பெரும்பாலானவை காருக்குள் கேட்கும் இரைச்சலைப் பற்றியவை. ஒலி எங்கே பிறக்கிறது, எந்த வழியாக உள்ளே வருகிறது என்று பார்ப்பதற்கு முன்பே, எதை வாங்கி எங்கே ஒட்டலாம் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். அதனால் முதல் கேள்விக்கான பதிலைச் சற்று நீளமாகவே எழுதியிருக்கிறேன். மற்றவர்களும் அதைப் படித்துவிட்டுத் தங்கள் கேள்விக்கு வருவது நல்லது.

கேள்வி (ஈரோடு): என் ஹேட்ச்பேக் காருக்கு ஆறு வயது ஆகிறது. 70 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் பின் இருக்கையில் இருப்பவர் பேசுவது கேட்பதில்லை. நான்கு கதவுகளுக்கும் டேம்பிங் ஷீட் (தகட்டின் அதிர்வை அடக்கும் ஒட்டுப் பட்டை) ஒட்டினால் சரியாகிவிடும் என்று அக்சசரீஸ் கடையில் சொல்கிறார்கள். ஒட்டலாமா?

இப்போதைக்கு வேண்டாம். காருக்குள் வரும் இரைச்சலுக்கு எஞ்சின், டயர், காற்று என்று மூன்று பங்காளிகள் உண்டு. நகர வேகத்தில் எஞ்சின் ஒலி முந்தி நிற்கும். ஏறத்தாழ 50 கி.மீ.க்கு மேல் டயர் ஒலி அதை மிஞ்சிவிடும். 100 கி.மீ.யை நெருங்கும்போதுதான் காற்று முன்னுக்கு வரும். உங்களுக்கு 70-லேயே பேச்சுக் கேட்கவில்லை என்றால், முதல் சந்தேகம் டயரின் மேல்தான் விழ வேண்டும்.

இதை உறுதி செய்துகொள்ளக் கருவி எதுவும் வேண்டியதில்லை. போக்குவரத்து குறைந்த நேரத்தில், ஏ.சி.யையும் பாட்டையும் நிறுத்திவிட்டு, கண்ணாடிகளை முழுவதும் ஏற்றி, ஒரே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். கரடுமுரடான பழைய தார்ப்பகுதியிலிருந்து புதிதாகத் தார் போட்ட பகுதிக்குள் நுழைந்ததும் இரைச்சல் சட்டென்று இறங்கினால் அது டயரின் வேலை. தளம் மாறியும் ஒலி மாறவில்லை என்றால் காற்றையோ, சக்கரம் சுழலத் தாங்கி நிற்கும் பேரிங்கையோ சந்தேகிக்கலாம். கையால் கியர் போடும் வண்டியாக இருந்தால், சில நொடிகள் கிளட்சை மிதித்து எஞ்சின் வேகத்தை இறங்க விடுங்கள். அப்போதும் ஒலி அப்படியே நீடித்தால் எஞ்சினைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம்.

பிறகு வண்டியை நிறுத்தி, டயரின் பட்டன்களின் மீது உள்ளங்கையை முன்னும் பின்னுமாகத் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் தடவும்போது வழுவழுப்பாகவும் மறுபக்கம் தடவும்போது ரம்பப்பல் போலக் கையில் இடறவும் செய்தால், டயர் ஒழுங்கற்றுத் தேய்ந்திருக்கிறது. அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) பார்க்காமலும் டயர்களை முன்பின் மாற்றாமலும் ஓட்டிய வண்டிகளின் பின் சக்கரங்களில் இதை அடிக்கடி பார்க்கலாம். டயரின் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கத் தயாரிப்பு எண்ணையும் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். உங்கள் வண்டியில் இருப்பது வண்டியோடு வந்த டயர்தான் என்றால், தேய்மானம் குறைவாகத் தெரிந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும். இறுகிய ரப்பர் கூடுதலாக இரையும்.

இனி ஷீட்டுக்கு வருகிறேன். பியூட்டைல் ரப்பரின் மேல் அலுமினியத் தகடு ஒட்டிய டேம்பிங் ஷீட், தகரம் அதிர்வதைத்தான் அடக்கும். காற்றின் வழியே கடந்து வரும் ஒலியைத் தடுப்பது அதன் வேலை அன்று. கதவுத் தகட்டை விரல் கணுவால் தட்டினால் 'டங்' என்று ஒலிப்பது, ஷீட் ஒட்டிய பின் 'டொக்' என்று மாறும். கடைக்காரர் அதைக் காட்டித்தான் விற்பார், அதில் பொய்யில்லை. ஆனால் டயரின் இரைச்சல் பெரும்பாலும் சஸ்பென்ஷன் வழியாகத் தரைத்தகட்டுக்கும், சக்கரங்களின் மேல் கவிந்திருக்கும் சக்கரக் கிண்ணங்கள் வழியாக டிக்கிக்கும்தான் ஏறுகிறது. ஹேட்ச்பேக்கில் டிக்கிக்கும் பயணிகளுக்கும் நடுவே சுவர் கிடையாது. ஸ்டெப்னி வைக்கும் குழி முரசைப்போல அதிரும். ஆகவே ஒட்டியே தீருவது என்றால் பின் சக்கரக் கிண்ணங்கள், ஸ்டெப்னிக் குழி, தரை, அதன் பிறகு கதவுகள் என்ற வரிசையில் போங்கள். தகட்டின் பரப்பில் 25 முதல் 50 சதவீதம் வரை, நடுப்பகுதியில், உருளையால் அழுத்தி ஒட்டினால் போதுமானது. இடைவெளியில்லாமல் மூடுவது பணத்தையும் எடையையும்தான் கூட்டும், 2 மி.மீ. ஷீட் ஒரு சதுர மீட்டருக்கு 3 முதல் 4 கிலோ வரை எடை பிடிக்கும். விலை மலிவு என்று தார் கலந்த ஷீட்டை வாங்காதீர்கள். நம் ஊர் வெயிலில் நிறுத்திய காருக்குள் அது இளகும், நாறும்.

டிக்கியை மூடும் பார்சல் டிரேயைக் கழற்றி வீட்டில் வைத்திருந்தால், செலவில்லாத முதல் வைத்தியம் அதைத் திரும்ப மாட்டுவதுதான்.

கேள்வி (நாகர்கோவில்): ஆரல்வாய்மொழி, முப்பந்தல் வழியாகப் போகும்போது மட்டும் முன் கதவின் மேல் விளிம்பில் 'புஸ்' என்ற இரைச்சல் பெரிதாகக் கேட்கிறது. மற்ற இடங்களில் அவ்வளவாக இல்லை. கதவில் கோளாறா?

காற்றாலைகள் நிறைந்த இடத்தில் காற்றிரைச்சல் கூடுவதில் வியப்பில்லை. ஆனால் கதவின் விளிம்பை அடைக்கும் ரப்பர் பட்டையான பீடிங்கில் சிறு குறை இருக்கவும் வாய்ப்புண்டு. காற்றால் எழும் ஒலியின் ஆற்றல், பொதுவாகக் காற்றின் வேகத்தின் 6-ஆம் அடுக்கை ஒட்டி உயரும். நீங்கள் 80 கி.மீ. வேகத்தில் போகும்போது எதிரே 40 கி.மீ. வேகத்தில் காற்று அடித்தால், வண்டியின் மேல் படுவது 120 கி.மீ. காற்று. ஒலியின் ஆற்றல் பதினோரு மடங்குக்கு மேல், அதாவது ஏறத்தாழ 10 டெசிபல் கூடும். காதுக்கு அது இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்றும். பக்கவாட்டில் அடித்தால், காற்றுக்கு மறைவான பக்கத்தில் முன் கண்ணாடித் தூணை ஒட்டிச் சுழல் வலுத்து, அந்தப் பக்கக் கதவில்தான் சத்தம் அதிகம் கேட்கும்.

பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. ஓடும் வண்டியின் பக்கவாட்டில் காற்றழுத்தம் குறைவதால், கதவின் மேல் சட்டம் வெளிப்புறமாக இழுக்கப்படுகிறது. வண்டி நிற்கும்போது நன்றாகப் பொருந்தியிருக்கும் பீடிங், வேகத்தில் இம்மியளவு விலகி வழிவிடும். அதனால், கதவிடுக்கில் ஒரு ரூபாய்த் தாளை வைத்து மூடி இழுத்துப் பார்க்கும் சோதனையில் தாள் எளிதாக உருவி வந்தால் கட்டாயம் குறை உண்டு என்று கொள்ளலாம். இறுக்கமாக இருந்தாலும் குறையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கதவைச் சுற்றிலும் ஒவ்வொரு சாண் இடைவெளியிலும் இழுத்துப் பார்த்து, தளர்வான இடங்களைச் சாக்கட்டியால் குறித்துக்கொள்ளுங்கள்.

கதவு முழுவதும் சற்றே தளர்வாக இருந்தால், பூட்டு மாட்டும் கொண்டியை உள்நோக்கி ஒரு மில்லிமீட்டர் நகர்த்தச் சொல்லுங்கள். நகர்த்தும் முன் பழைய இடத்தைப் பென்சிலால் குறித்துவைக்க மெக்கானிக்கிடம் சொல்ல மறக்க வேண்டாம். ஓரிடத்தில் மட்டும் தளர்வு என்றால் பீடிங் நசுங்கியிருக்கும் அல்லது கிழிந்திருக்கும். அசல் பீடிங்கை மாற்றுவதே முறை. இணையத்தில் விற்கும் ஒட்டு ரப்பர்களும் ஓரளவு உதவும். ஆனால் தடிமன் கூடினால், கதவை ஓங்கி அறைந்து சாத்த வேண்டிய நிலை வரும். உலர்ந்த பீடிங்குக்குச் சிலிகோன் கிரீஸ் தடவுங்கள். எஞ்சின் ஆயில் தடவினால் ரப்பர் ஊறிக் கெடும்.

கேள்வி (சேலம்): முன் கண்ணாடி உடைந்து புதிது மாற்றினேன். அதிலிருந்து 90 கி.மீ.க்கு மேல் மெல்லிய விசில் சத்தம். மாற்றிய இடத்தில், "உங்களுக்குத்தான் அப்படிக் கேட்கிறது" என்கிறார்கள்.

அவர்களிடம் வாதாட வேண்டாம், நிரூபித்துக் காட்டலாம். பெயிண்டர்கள் பயன்படுத்தும் காகித மாஸ்கிங் டேப் ஒரு சுருள் வாங்கி, முன் கண்ணாடியின் மேல் விளிம்பையும் இரு பக்க விளிம்புகளையும் இடைவெளி விடாமல் மூடி ஒட்டிவிட்டு அதே சாலையில் அதே வேகத்தில் போங்கள். விசில் நின்றுவிட்டால் ஒரு பக்கத்து டேப்பை மட்டும் உரித்துவிட்டு மறுபடி போங்கள். இப்படி ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டே வந்தால், சத்தம் திரும்பும் இடம் எதுவோ அதுதான் குற்றவாளி. ஓட்டுபவர் ஓட்டட்டும், கேட்பதை இன்னொருவர் கேட்கட்டும். டேப்பை அன்றைக்கே உரித்துவிடுங்கள். வெயிலில் காய்ந்தால் பசை பெயிண்டில் தங்கிவிடும்.

கண்ணாடி மாற்றிய பின் வரும் விசிலுக்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள்தாம்: விளிம்பு ரப்பர் சரியாக உட்காராமல் தூக்கிக்கொண்டிருப்பது, அல்லது ஒட்டும் பசையில் எங்கோ இடைவெளி விட்டிருப்பது. இரண்டாவது என்றால் மழையில் நீரும் கசியும். அது இரைச்சலோடு நின்றுவிடும் சங்கதி அன்று. முன் கண்ணாடி வண்டிக் கூட்டின் வலிமைக்கும் துணை நிற்பது என்பதால், கழற்றி மறுபடி ஒட்டித் தரும்படி வற்புறுத்துங்கள். டேப் சோதனையிலும் விசில் நிற்கவில்லை என்றால் சைடு மிரரின் அடிப்பகுதி, மழை மறைப்புப் பட்டைகள், கூரைக் கேரியரின் குறுக்குக் கம்பி ஆகியவற்றைப் பாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை குலதெய்வம் கோயிலுக்குப் போகும்போது மூட்டை கட்டுவதற்காக, ஆண்டு முழுவதும் கேரியரைச் சுமந்து திரியும் வண்டிகள் நம் ஊரில் ஏராளம்.

கேள்வி (தஞ்சாவூர்): டயர் மாற்ற வேண்டும். சத்தம் குறைந்த டயரை எப்படித் தெரிந்து வாங்குவது? காற்றைக் குறைத்து வைத்தால் சத்தம் குறையும் என்கிறார்களே?

ஐரோப்பிய டயர் லேபிளில் டெசிபல் எண் ஒன்று அச்சிட்டிருப்பார்கள். 80 கி.மீ. வேகத்தில் கடந்து போகும் வண்டியிலிருந்து சாலையோரத்துக்கு வரும் ஒலியின் அளவு அது. காருக்குள் கேட்பது அன்று. இரண்டுக்கும் உறவுண்டு, ஆனால் எண் குறைந்த டயர் உங்கள் காருக்குள்ளும் அமைதியாக இருக்கும் என்ற உறுதி இல்லை. இந்தியாவிலும் 2022-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, டயர் உருளும் ஒலிக்கு வரம்பு கொண்டுவந்தார்கள். அதுவும் வெளிப்புற ஒலிக்கான வரம்பே.

கடையில் நீங்கள் பார்க்கக்கூடியவை சில உண்டு. பட்டன்கள் பெரிதாகவும் இடைவெளி அகலமாகவும் உள்ள மண்பாதை டயர்கள் தார்ச்சாலையில் கட்டாயம் இரையும். அகலம் கூடினாலும், அலாய் வீல் ஆசையில் விட்டத்தைக் கூட்டிப் பக்கச் சுவரைக் குறுக்கினாலும் சத்தமும் குலுக்கலும் கூடும். நீண்ட காலம் உழைக்கும் என்று விளம்பரம் செய்யப்படும் கெட்டி ரப்பர் டயர், பெரும்பாலும் மென்மையான டயரைவிட இரைச்சலானது. என்னைக் கேட்டால், நெடுஞ்சாலையில் அதிகம் ஓட்டுபவர் சில ஆயிரம் கிலோமீட்டர் ஆயுளை விட்டுக்கொடுத்து மென்மையானதை வாங்கலாம். ஈர சாலையில் அதன் பிடிப்பும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.

காற்றைக் குறைக்கும் யோசனையை மறந்துவிடுங்கள். குறைந்த காற்றில் டயர் சூடேறும். கோடைக்கால நெடுஞ்சாலையில் வெடிப்பதற்கு அது நேர்வழி. ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தாளில் உள்ள அளவை, டயர் ஆறியிருக்கும்போது நிரப்புங்கள். அதற்கு மேல் நிரப்பி வைத்திருந்தவர்களுக்கு மட்டும், சரியான அளவுக்கு இறக்கினால் சத்தம் சற்றுக் குறையும்.

கேள்வி (விருதுநகர்): 60 கி.மீ.யிலிருந்து 'ஊம்ம்' என்று ஒரு ரீங்காரம். டயரை மாற்றியும் போகவில்லை.

சக்கர பேரிங்காக இருக்கலாம். வெறிச்சோடிய அகலமான சாலையில் 60 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங்கை மெதுவாக இடமும் வலமும் சாய்த்துப் பாருங்கள். வலப்பக்கம் திரும்பும்போது வண்டியின் பாரம் இடச் சக்கரங்களுக்கு மாறும். அப்போது ரீங்காரம் கூடினால் இடப்பக்க பேரிங்கும், இடப்பக்கம் திரும்பும்போது கூடினால் வலப்பக்க பேரிங்கும் சந்தேகத்துக்குரியவை. பிறகு மெக்கானிக்கிடம் வண்டியைத் தூக்கித் தாங்கியில் நிறுத்தச் சொல்லி, ஒரு கையைச் சஸ்பென்ஷன் சுருளின் மீது வைத்துக்கொண்டு மறு கையால் சக்கரத்தைச் சுற்றுங்கள். கெட்ட பேரிங்கின் நறநறப்பு, காதுக்குக் கேட்கும் முன் சுருள் வழியாக விரலுக்குத் தெரிந்துவிடும். உறுதியானால் தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி (கோவை): பெட்ரோல் காரிலிருந்து மின்சாரக் காருக்கு மாறினேன். நகருக்குள் அவ்வளவு அமைதி. அவிநாசி தாண்டி நெடுஞ்சாலையில் ஏறினால் பழைய காரைவிடச் சத்தம் அதிகம் போலிருக்கிறது. மனப்பிரமையா?

பிரமை என்று தள்ளிவிட முடியாது. பழைய காரில் எஞ்சின் ஒலி மற்ற ஒலிகளை மூடி மறைத்துக்கொண்டிருந்தது. திரை விலகியதும் டயரும் காற்றும் தனித்துக் கேட்கின்றன. பேட்டரியின் எடையைத் தாங்க டயரும் சஸ்பென்ஷனும் சற்றுக் கெட்டியாக இருப்பதும் ஒரு காரணம். சில மின்சாரக் கார்களோடு வரும் டயர்களின் உட்புறத்தில் நுரைப் பட்டை ஒட்டியிருப்பார்கள். டயருக்குள் அடைபட்ட காற்று 200 ஹெர்ட்ஸை ஒட்டி எழுப்பும் முரலலை அது அடக்கும். அத்தகைய டயரைச் சாதாரண டயரால் மாற்றியவர்கள் வேறுபாட்டை உடனே உணர்வார்கள். தரையில் ஷீட் ஒட்டுவதாக இருந்தால், அடியில் பேட்டரி இருப்பதை மறவாமல், ஆணியோ திருகோ எங்கும் இறக்காதபடியும் ஆரஞ்சு நிற மின்வடங்களைத் தொடாதபடியும் வேலைக்காரரிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி (தூத்துக்குடி): அடிப்பாகத்துக்குக் கோட்டிங் அடித்தால் இரைச்சல் குறையுமா?

கடற்கரை ஊரில் துருவுக்காக அடியுங்கள். ஜல்லி தெறிக்கும் சத்தம் மங்கும். தொடர் இரைச்சலில் பெரிய மாற்றம் எதிர்பார்க்க வேண்டாம்.

கேள்வி (புதுச்சேரி): பின் ஜன்னலை மட்டும் இறக்கினால் காதை அடைக்கும்படி 'தப் தப்' என்று அடிக்கிறது. ஏன்?

புட்டியின் வாயில் ஊதினால் ஒலி எழுவது போன்றதே இது. காரின் உட்பகுதி புட்டி, ஜன்னல் அதன் வாய். முன் ஜன்னல் ஒன்றையும் இரண்டு விரல் அளவு இறக்குங்கள், நின்றுவிடும்.

கேள்வி (கடலூர்): கதவுகளுக்கு ஷீட் ஒட்டிய பிறகு, மழை பெய்தால் கதவுக்குள் தண்ணீர் சலசலக்கிறது, காருக்குள் தரையில் விரித்த மேட்டும் நனைகிறது.

ஒட்டியவர் இரண்டு தவறுகள் செய்திருக்கக்கூடும். ஜன்னல் கண்ணாடியின் வழியே இறங்கும் மழைநீர் வடிவதற்காகக் கதவின் அடி விளிம்பில் துளைகள் இருக்கும். ஷீட்டோ பசையோ அவற்றை அடைத்திருந்தால் நீர் உள்ளே தேங்கிச் சலசலக்கும். மேட் நனைவதற்குக் காரணம் வேறு. கதவின் உட்பலகைக்குப் பின்னால் உள்ள பிளாஸ்டிக் தாளை உரித்துவிட்டுச் சரியாகத் திரும்ப ஒட்டாமல் விட்டிருப்பார்கள். வெறும் பாலிதீன் போலத் தெரிவதால் பலர் அதைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். நீரை உள்ளே வரவிடாமல் தடுப்பதும், கதவுக்குள் வரும் ஒலியை ஓரளவு மறிப்பதும் அதுதான். துளைகளை மெல்லிய கம்பியால் உடனே திறந்துவிடுங்கள், பிறகு உட்பலகையைக் கழற்றச் செய்து அந்தத் தாளைப் பியூட்டைல் பசைப் பட்டையால் சுற்றிலும் ஒட்டச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும், உட்பலகையை மாட்டும் முன்பே, கண்ணாடியின் மேல் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, அது அடித்துளைகள் வழியாக மட்டும் வெளியேறுகிறதா என்று நேரில் நின்று பாருங்கள்.