பழைய இரும்புக் கடையும் எஸ்டிபிஎம் முடித்த மகளும்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். "பழைய இரும்புக்காரர் மனைவி என்ற பெயரை இருபது வருடம் நான் சுமந்தது போதாதா, என் மகளும் சுமக்க வேண்டுமா?" என்ற வரியில் இரண்டு முறையும் கண் நின்றது. எஸ்டிபிஎம் என்ற ஆறாம் படிவத் தேர்வை முடித்த மகள் பல்கலைக்கழகம் வேண்டாம், அப்பாவின் கடைக்கே வருகிறேன் என்கிறாள். கணவரோ கடையை மின்னியல் கழிவுப் பக்கம் வளர்க்கப் போகிறேன் என்கிறார். பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் தெரிந்தவர் மாதம் ஒரு லோரி சர்க்கியூட் போர்டு தருவதாகவும், தங்கம் பிரிக்கத் தெரிந்த ஆளை மைத்துனர் அழைத்து வருவதாகவும் எழுதியிருக்கிறீர்கள்.

லோரி விஷயத்தை முதலில் பேசிவிடுவோம். படிப்பைவிட அது அவசரம். உங்கள் கணவரிடம் காவல்துறை தந்த பழைய பொருள் வியாபார உரிமமும் மாநகர் மன்ற உரிமமும் இருக்கின்றன. இரும்பு, அலுமினியம், செம்புக் கம்பி வாங்கி விற்க அவை போதும். தொழிற்சாலை கழிக்கும் போர்டுக்குப் போதாது. 2005 ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு (சட்டம் பட்டியலிட்ட அபாயக் கழிவு) விதிமுறைகளில் இந்தச் சரக்குக்கு எஸ்டபிள்யூ 110 என்று தனி எண்ணே இருக்கிறது. ஈயம், பாதரசம், காட்மியம் போன்றவை கலந்திருப்பதால், அதை ஏற்றும் வண்டி, இறக்கும் இடம், பிரிக்கும் பட்டறை எல்லாவற்றுக்கும் சுற்றுச்சூழல் இலாகாவின் உரிமம் வேண்டும். எவ்வளவு, எந்த வண்டியில், யாரிடம் போனது என்பதைத் தொழிற்சாலையும் இலாகாவின் இணையப் பதிவில் ஏற்றியாக வேண்டும். தன் வளாகத்திலேயே அதை 180 நாட்களுக்கு மேல், 20 டன்னுக்கு மேல் சேர்த்து வைக்கவும் கூடாது. கெடு நெருங்கும் சிலருக்குத்தான் தாள் கேட்காத கடைக்காரர் தேவைப்படுகிறார். உங்கள் கணவர் மலிவாகக் கிடைக்கிறதே என்று மகிழ்கிறார். போர்டோடு பொறுப்பும் சேர்ந்து லோரியில் ஏறி வருகிறது. 1974 ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் 2024 இல் திருத்தப்பட்டபோது அபராதத்தின் உச்சவரம்பு 10 மில்லியன் ரிங்கிட்டுக்கு உயர்ந்தது. சிறைத்தண்டனையும் உண்டு. கடையை விற்றாலும் கட்ட முடியாத தொகை அது.

அடுத்து, மைத்துனரின் தங்கம். ஒரு டன் தங்கத் தாதுவில் சில கிராம்தான் தேறும், ஒரு டன் பழைய கைத்தொலைபேசியில் சில நூறு கிராம் தேறும் என்று அவர் சொல்லியிருப்பார். பொய்யில்லை. ஆனால் ஒரு தொலைபேசியில் இருப்பது ஏறக்குறைய 0.03 கிராம், ஒரு டன் சேர்க்க ஏழாயிரம், பத்தாயிரம் தொலைபேசிகள் வேண்டும். அவ்வளவும் கொல்லைப்புறத்து வாளியில் நைட்ரிக் அமிலத்திலும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலும் கரைய வேண்டும். எழும் பழுப்புப் புகை நுரையீரலை அரிக்கும். தங்கத்தை எடுத்த பிறகு மிஞ்சும் நீர் செம்பும் ஈயமும் கலந்தது. அதை எங்கே ஊற்றுவார்? சாக்கடையில்தான். அது பிறை ஆற்றுக்குப் போகும். கேபிளை எரித்துச் செம்பு எடுப்பதும் இதே கதைதான்: பிவிசி உறை எரிந்தால் டையாக்ஸின் என்ற நச்சு வரும். உரிக்கும் இயந்திரம் இருக்கும்போது எரிக்க வேண்டிய தேவையே இல்லை. அந்த ஆளை வீட்டு வாசலோடு அனுப்பிவிடுங்கள். காப்பி கொடுத்து அனுப்பினாலும் சரி.

அப்படியென்றால் கடை வளரவே கூடாதா என்று உங்கள் கணவர் கேட்பார். வளரலாம். பிறை, புக்கிட் மெர்தாஜாம் பக்கம் எத்தனை கணக்காளர் அலுவலகங்கள், கிளினிக்குகள், டியூஷன் மையங்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்றின் சாமான் அறையிலும் நான்கைந்து பழைய கணினிகள் தூசி படிந்து கிடக்கும். அவற்றை அவர்கள் வெளியே தராததற்கு முக்கியமான காரணம் பயம். ஹார்ட் டிஸ்கில் நோயாளியின் பெயரும் வாடிக்கையாளரின் வரிக்கணக்கும் இருக்கின்றன. 2010 ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தலைக்கு மேல் நிற்கிறது. ஒவ்வொரு டிஸ்கின் வரிசை எண்ணையும் குறித்து, முறைப்படி அழித்து, அழித்ததற்குக் கையெழுத்திட்ட சான்று தரும் கடைக்கு அவர்கள் கூலியே கொடுப்பார்கள். நன்றாக ஓடும் கணினியைச் சோதித்து, ராம் மாற்றி, உத்தரவாதத்தோடு விற்றால் கிடைக்கும் பணம், அதே கணினியை உடைத்து எடைக்குப் போட்டால் கிடைப்பதைவிடப் பல மடங்கு. தேறாத போர்டையும் பேட்டரியையும் என்ன செய்வது? உரிமம் பெற்ற மீட்பு நிலையம் ஒன்றோடு ஒப்பந்தம் செய்து, இலாகாவின் அனுமதியோடு அதன் சேகரிப்பு மையமாக இயங்குவதுதான் சிறிய கடைக்கு ஏற்ற வழி. உப்பிய லித்தியம் பேட்டரியைத் தனியே மணல் வாளியில் வையுங்கள், முனைகளில் டேப் ஒட்டுங்கள். குவியலோடு போட்டால் ஒரு நாள் இரவில் கொட்டகையே எரிந்துவிடும்.

உடைத்துப் பிரிக்கும் பட்டறைக்குச் சொந்த உரிமம் எடுப்பது அதற்கடுத்த படி. தொழில்மனை நிலம், கழிவுநீர் ஏற்பாடு, தகுதி பெற்ற பொறுப்பாளர் எல்லாம் வேண்டும். அப்போதும் தங்கத்தை நாமே எடுக்க வேண்டியதில்லை. பெல்ஜியத்தின் யூமிகோர், ஜப்பானின் டோவா போன்ற உருக்காலைகள் போர்டுகளை உருக்கிப் பல உலோகங்களை ஒரே சங்கிலியில் மீட்கின்றன. அங்கே அனுப்ப, அபாயக் கழிவு நாடு விட்டு நாடு போவதைக் கட்டுப்படுத்தும் பாசல் உடன்படிக்கையின்படி இரு நாட்டு அரசுகளின் முன் ஒப்புதல் தேவை. விலை எப்படி நிர்ணயமாகிறது தெரியுமா? சரக்கை அரைத்து, மாதிரி எடுத்து, ஆய்வகத்தில் சோதித்து, அந்த அறிக்கையை வைத்துத்தான் பணம் தருவார்கள். மாதிரி எடுப்பதில் பிழை வந்தால் ஒரு கண்டெய்னரின் லாபம் போய்விடும். தராசை மட்டும் தெரிந்த கடை முதலாளியால் அந்த அறிக்கையைப் படிக்க முடியாது.

உங்கள் மகள் இந்த இடத்தில்தான் வருகிறாள். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்துக்கு நிபோங் திபாலில் இருக்கும் பொறியியல் வளாகத்தில் பொருள் மற்றும் கனிம வளப் பொறியியல் பள்ளி இருக்கிறது. தாதுவிலிருந்து உலோகம் பிரிப்பது, மாதிரி எடுப்பது, கரைசலை நடுநிலைப்படுத்துவது எல்லாம் அங்கே பாடம். மைத்துனரின் ஆள் வாளியில் செய்யத் துணிவதைக் கணக்கோடும் பாதுகாப்போடும் படிக்கலாம். எஸ்டிபிஎம்மில் வேதியியலும் கணிதமும் எடுத்திருக்கிறாள் என்பதால் விண்ணப்பத்தில் இதை முதல் விருப்பமாகப் போடச் சொல்வேன். இடம் கிடைக்காவிட்டால் பெர்மாத்தாங் பாவில் இருக்கும் செபராங் பிறை பாலிடெக்னிக்கில் மின்னியல் டிப்ளோமா இருக்கிறது. பிறகு பாங்கியில் இருக்கும் சுற்றுச்சூழல் இலாகாவின் பயிற்சி நிலையமான எய்மாஸில் அட்டவணைக் கழிவு நிர்வாகத்துக்கான தகுதிச் சான்று எடுக்கலாம். அந்தச் சான்று இருப்பவரைத் தொழிற்சாலைகளும் தேடுகின்றன. அதாவது, ஒரு நாள் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியேறினாலும் அவளுக்கு வேலை இருக்கும். குடும்பத் தொழிலில் இறங்கும் பிள்ளைகளிடம் நான் எப்போதும் பார்ப்பது இதைத்தான்.

இரும்புக்காரர் பெயரைப் பற்றி. அந்தப் பெயர்தான் உங்கள் வீட்டு வாடகையையும் அவளுடைய டியூஷனையும் கட்டியது. அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் உங்கள் வருத்தத்தையும் நான் தள்ளிவிடவில்லை. பெண் பார்க்க வருகிறவர்கள் முகம் சுளித்ததை எழுதியிருந்தீர்கள். அவர்களுக்காக அவள் படிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டாம், அவர்களுக்காகக் கடையைக் கைவிடவும் வேண்டாம்.

கடன் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். சிறுதொழில் கடன் தரும் அரசு நிறுவனமான தெக்குன் நேஷனல் வழியாக இந்தியத் தொழில்முனைவோருக்கு ஸ்புமி கடன் உண்டு. இப்போது வாங்க வேண்டாம். செம்பு விலை லண்டன் சந்தையில் ஏறி இறங்கும், தவணை இறங்காது. டிஸ்கை அழித்துச் சான்று தரும் வேலைக்கு ஒரு மேசை, இரண்டு கணினி, நல்ல மென்பொருள் போதும். அதற்குக் கையிலிருக்கும் பணமே போதும். விடுமுறை மாதங்களில் அந்த மேசையை மகளிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கணக்கை அவளே எழுதட்டும். அப்பா எட்டிப் பார்க்கக் கூடாது. சிரமம்தான், தெரியும்.

வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மூவரும் பட்டர்வொர்த்துக்கு வாருங்கள். கடையின் இரண்டு உரிமங்களின் நகல், மகளின் எஸ்டிபிஎம் முடிவு, அந்தத் தொழிற்சாலைக்காரர் எழுத்தில் ஏதாவது தந்திருந்தால் அது. எழுத்தில் ஒன்றும் தரவில்லை என்றால், ஏன் தரவில்லை என்று வரும் வழியில் உங்கள் கணவரைக் கேட்டு வையுங்கள்.