கழிப்பறையையும் இழுத்துக்கொண்டு ஒரு பயணம்

கேள்வி: மெல்போர்னில் ஒன்பது ஆண்டுகளாக வசிக்கிறோம். பெர்த்தில் இருக்கும் என் தங்கையின் புதுமனை புகுவிழா ஜூலைப் பள்ளி விடுமுறையில் வருகிறது. அதற்குக் குடும்பத்தோடு கேரவனில், அதாவது காரின் பின்னால் கட்டி இழுக்கும் நடமாடும் வீட்டோடு, போக விரும்புகிறேன். மொத்தம் சுமார் 3,400 கிலோமீட்டர்; நாளுக்கு 850 வீதம் நான்கு நாட்களில் போய்விடலாம் என்கிறார் நண்பர், அது அதிகம் என்கிறாள் மனைவி. ஈஸ்டருக்கு அடிலெய்டு வரை ஒரே நாளில் ஓட்டினேன். இரண்டே இடங்களில்தான் நிறுத்தினோம். புதிய கேரவன், கழிப்பறை, குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. ஓட்டுவது நான் ஒருவன்தான். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவுக்கு 68 வயது. அவரால் எந்தத் தொந்தரவும் இல்லை, பயண நாளில் காலையிலிருந்து தண்ணீரே குடிக்கமாட்டார். கேரவனை இழுத்துக்கொண்டு ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டலாம்?

— ஒரு வாசகர், மெல்போர்ன்

பதில்: நீங்கள் கேட்ட எண்ணை முதலிலேயே கொடுத்துவிடுகிறேன். 330 கிலோமீட்டர், அல்லது பிற்பகல் மூன்றரை மணி. இரண்டில் எது முதலில் வருகிறதோ அத்தோடு அன்றைய ஓட்டம் முடிந்தது. பணி ஓய்வுக்குப் பிறகு கேரவனோடு ஆஸ்திரேலியாவைச் சுற்றிவரும் பெரியவர்கள் இதை 330 விதி என்பார்கள். சாலையும் உடம்பும் ஒத்துழைத்தால் 400 வரை போகலாம், அதற்குமேல் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். விடுமுறைக்கு விடுமுறை இந்தக் கேள்வி எனக்கு வருகிறது, ஒவ்வொரு கடிதத்திலும் நான்கு நாட்களில் பெர்த்துக்குப் போய்வந்த ஒரு நண்பர் இருக்கிறார். அந்த நண்பரின் மனைவி மக்களிடமிருந்து மட்டும் இதுவரை எனக்கு ஒரு கடிதமும் வந்ததில்லை.

ஆனால் உங்கள் கடிதத்தில் நான் நின்றுவிட்ட இடம் வேறு. "அவரால் எந்தத் தொந்தரவும் இல்லை, பயண நாளில் காலையிலிருந்து தண்ணீரே குடிக்கமாட்டார்" என்று, ஏதோ நல்ல பழக்கத்தைப் பாராட்டுவதுபோல எழுதியிருக்கிறீர்கள். தம்பி, அம்மா உட்கார்ந்திருக்கும் இருக்கைக்கு முப்பது அடிக்குள் ஒரு கழிப்பறை சக்கரம் கட்டிக்கொண்டு பின்னாலேயே வருகிறது. அதைக் காசு கொடுத்து வாங்கியவர் நீங்கள். அதற்குப் போக வேண்டுமென்றால் மகனிடம் வண்டியை நிறுத்தச் சொல்ல வேண்டியிருக்குமே என்று கூசி, உங்களைப் பெற்றவர் தொண்டையைக் காயப்போட்டுக்கொண்டு வருகிறார். ஓடும் கேரவனுக்குள் ஆள் இருக்கக் கூடாது என்பது சட்டம். ஆகவே நீங்கள் நிறுத்தாதவரை அந்தக் கழிப்பறை இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நான் பள்ளியில் படித்த காலத்தில் காரைக்குடியிலிருந்து சென்னைக்கு இரவுப் பேருந்தில் போகும் நாட்களில், என் அம்மா மதியச் சாப்பாட்டோடு தண்ணீரை நிறுத்திவிடுவார். வழியில் பேருந்து நிற்கும் இடத்தில் ஆண்கள் இருட்டுக்குள் நடந்து போய்த் திரும்புவார்கள். அம்மா ஜன்னலோரம் அசையாமல் உட்கார்ந்திருந்து, கூஜாவின் மூடியில் இரண்டு சொட்டு ஊற்றி உதட்டை மட்டும் நனைத்துக்கொள்வார். ஒதுங்க இடமில்லாத ஊரில் நம் பெண்கள் கற்றுக்கொண்ட தந்திரம் அது. கழிப்பறையைக் கூடவே கொண்டுபோகும் மகனின் வண்டியிலும் அந்தத் தந்திரம் தேவைப்படுகிறது என்றால், தவறு அம்மாவின் பழக்கத்தில் இல்லை. ஈஸ்டர் பயணத்தில் 730 கிலோமீட்டருக்கு இரண்டே இடங்களில் நிறுத்தினேன் என்று நீங்கள் பெருமைப்படுகிறீர்களே, அதை உங்களுக்குச் சாத்தியமாக்கியது உங்கள் ஓட்டும் திறமையும் அல்ல, வண்டியின் குதிரைத்திறனும் அல்ல. அந்தக் காய்ந்த தொண்டைதான்.

இதில் வெறும் மனவருத்தம் மட்டும் இல்லை. வயதானவர் தண்ணீர் குடிக்காமல் பல மணி நேரம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தால் சிறுநீரில் தொற்று வரலாம், காலின் இரத்தக் குழாயில் இரத்தம் உறையலாம், எழுந்து நிற்கும்போது தலை சுற்றலாம். அப்படித் தலை சுற்றும் நேரத்தில்தான் கேரவனின் உயரமான படியில் சேலையோடு ஏறச் சொல்கிறீர்கள். அடுத்த முறை வண்டி நின்றதும் அவர் பாதத்தைப் பாருங்கள்: மெட்டி விரலில் அழுந்தியிருக்கிறதா, கணுக்காலுக்குமேல் கட்டைவிரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கிறதா? இன்னொன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள் பலர், அவற்றில் சில சிறுநீரைத் தூண்டும் என்பதால் பயண நாளில் யாரிடமும் சொல்லாமல் அதை விட்டுவிடுவார்கள். உங்கள் அம்மாவும் அப்படிச் செய்கிறாரா என்பதை நீங்கள் கேட்டால் மறைப்பார், மனைவியைக் கேட்கச் சொல்லுங்கள். குழி நின்றாலோ, மாத்திரை விடுபட்டிருந்தாலோ, எங்கும் புறப்படும் முன் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

இனி உங்கள் 850 கிலோமீட்டருக்கு வருவோம். கேரவன் இழுக்கும் வண்டி மேற்கு ஆஸ்திரேலியாவில் 100 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது. இரண்டு டன்னுக்கு மேல் கனக்கும் கேரவனோடு நீங்கள் 90-இல் ஓட்டினாலும், ஊர்களும் எதிர்காற்றும் எரிபொருள் போடும் நேரமும் சேர்ந்து சராசரியை 80-க்குக் கொண்டுவந்துவிடும். அப்படியானால் 850 என்பது பத்தரை மணி நேரத்துக்கும் மேல். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பதினைந்து நிமிட ஓய்வையும் உணவையும் சேர்த்தால் பன்னிரண்டு மணி நேரம் ஆகிவிடும். ஜூலையில் மெல்போர்னில் சூரியன் காலை ஏழரைக்கு எழுந்து மாலை ஐந்தேகாலுக்குள் போய்விடுகிறது. மிச்ச நேரத்தை நீங்கள் இருட்டில்தான் ஓட்ட வேண்டும், கங்காருக்கள் சாலைக்கு வருவதும் விடியலிலும் அந்தியிலும் இரவிலும்தான். தனியாக வரும் கார் பிரேக் பிடித்து நின்றுவிடும் தூரத்தில் கேரவனோடு நிற்க முடியாது. விலங்குக்காக ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பினால் கேரவன் வாலை ஆட்டத் தொடங்கும். அப்போது காரின் பிரேக்கை மிதிப்பவர்தான் கவிழ்கிறார். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்துவிட்டு, கேரவனின் பிரேக்கை மட்டும் கையால் இயக்க வேண்டும். பதினொன்றாவது மணி நேரத்தில், மாற்றி ஓட்ட ஆளில்லாத ஒருவருக்கு அந்த நிதானம் இருக்குமா?

மேற்கு நோக்கிப் போகிறவருக்கு மூன்றரை மணி விதியில் இன்னொரு நியாயமும் உண்டு, குளிர்காலத்துச் சூரியன் பிற்பகல் முழுவதும் நேராகக் கண்ணுக்குள் விழும். பெர்த்தை நோக்கிப் போகும் ஏர் (Eyre) நெடுஞ்சாலையில் 36 மீட்டர் நீளத்துக்கு வரும் ரோடு ட்ரெயின்கள், அதாவது ஒன்றுக்கு மேற்பட்ட டிரெய்லர்களை இழுக்கும் லாரிகள், எதிரே கடக்கும்போது கேரவனை ஒரு முறை இழுத்து விடும். பாலடோனியாவுக்கும் கைகுனாவுக்கும் நடுவே 146 கிலோமீட்டருக்கு ஒரு வளைவுகூட இல்லாத சாலை இருக்கிறது. பார்க்க எளிது, கண் சொருகுவது அங்கேதான். அந்த வழியில் ரோட்ஹவுஸ்களுக்கு (எரிபொருளும் உணவும் கிடைக்கும் சாலையோர நிலையங்களுக்கு) இடையே 180, 190 கிலோமீட்டர் இடைவெளிகள் வரும். கேரவன் இழுக்கும்போது எரிபொருள் ஒன்றரை மடங்கும் அதற்கு மேலும் செலவாகும் என்பதால், ஒவ்வொரு ரோட்ஹவுஸிலும் நிற்பது வண்டிக்கே நல்லது. வண்டியின் தாகத்துக்கு நிற்கத் தயங்காத நீங்கள், அம்மாவின் தாகத்துக்கு மட்டும் கணக்குப் பார்க்காதீர்கள். (எல்லையில் மேற்கு ஆஸ்திரேலியச் சோதனைச் சாவடி இருக்கிறது. விழாவுக்கென்று அம்மா கட்டிவைக்கும் மாவிலை, வாழைப்பழம், தேன் பாட்டில் எதுவும் அதைத் தாண்டாது. எல்லாவற்றையும் பெர்த்திலேயே வாங்கிக்கொள்ளச் சொல்லிவிடுங்கள்.)

என் விதிப்படி போனால் பெர்த்துக்கு ஒன்பது, பத்து நாட்கள் ஆகும். இரண்டு வார விடுமுறையில் போகவே அத்தனை நாள் என்றால் திரும்பி வர நாளில்லை. ஆகவே இந்தப் பயணத்துக்குக் கேரவன் வேண்டாம் என்பதே என் தீர்ப்பு. முகூர்த்தம் குறித்த இடத்துக்குக் கேரவனில் போகக் கூடாது. நேரத்துக்குள் சேர வேண்டுமே என்ற பதைப்பு ஓட்டுபவரின் காலில் இறங்கும், அதன் விலையைப் பின் இருக்கையில் இருப்பவர்கள் கொடுப்பார்கள். பெர்த்துக்கு எல்லாருமாக விமானத்தில் போங்கள். அம்மாவை மட்டும் தனியாக ஏற்றி அனுப்பிவிட்டு நான் கேரவனில் வருகிறேன் என்று எழுதிவிடாதீர்கள். மகன் வீட்டிலிருந்து மகள் வீட்டுக்கு ஒரு தாய் பார்சலைப்போல அனுப்பப்படுவதில் எனக்கு உடன்பாடில்லை. உங்கள் மனைவியின் சொல்லைவிட நண்பரின் சொல் உங்களுக்குப் பெரிதாகப் பட்டதே, அதைப் பற்றியும் ஒரு கடிதம் எழுதலாம். இந்த முறை விட்டுவிடுகிறேன்.

கேரவனை விடுமுறையின் மிச்ச நாட்களுக்கு எடுங்கள். ஹால்ஸ் கேப் என்ற மலையடிவார ஊர் மெல்போர்னிலிருந்து 250 கிலோமீட்டர்தான்; காலையில் நிதானமாகப் புறப்பட்டால் பொழுதோடு சேர்ந்துவிடலாம், அங்கே புல்வெளியில் மேயும் கங்காருக்களை அம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். புறப்படும் முன் கடையில் அகலமான, வழுக்காத முக்காலி ஒன்று வாங்குங்கள். தரை சமமாக உள்ள இடமாகப் பார்த்து நிறுத்தி, கேரவன் படிக்குக் கீழே அதைப் போட்டு, அவர் ஏறி இறங்கும்போது நீங்களே கை கொடுங்கள். முதல் நிறுத்தம் வழியில் இருக்கும் பல்லாரட்டாக இருக்கட்டும், ஒன்றரை மணி நேர ஓட்டம். அங்கே ஒரு டம்ளர் தண்ணீரை அம்மாவின் கையில் கொடுத்தால், இப்போது வேண்டாம், போய்ச் சேர்ந்து குடித்துக்கொள்கிறேன் என்பார். வற்புறுத்த வேண்டாம். நீங்கள் முதலில் குடித்துவிட்டு, எனக்குப் போக வேண்டும் என்று சொல்லி, நீங்கள் முதலில் அந்தக் கதவைத் திறந்து உள்ளே போய்வாருங்கள். வெளியே வரும்போது டம்ளர் காலியாக இருக்கும்.