பெரியவங்க ஆனப்புறம் ஏடிஹெச்டின்னு தெரிய வந்தா: உங்க கேள்வியும் என் பதிலும்

நான் சைக்காலஜிஸ்ட், என்கிட்ட வர்றவங்கள்ல நிறைய பேர் வேலை, குடும்பம்னு ஆனப்புறம் தான் ஏடிஹெச்டின்னு தெரிஞ்சுக்கிட்டவங்க. கவனத்த ஒரு இடத்துல நிறுத்தறதும், அவசரத்த அடக்கறதும் கஷ்டமா இருக்கற, சின்ன வயசுலேருந்தே வர்ற ஒரு நிலை தான் இது. வந்த கேள்வில சிலதுக்கு இங்க பதில் சொல்றேன்.

கேள்வி: 38 வயசுல சொன்னாங்க மேடம். மொதல்ல அப்பாடான்னு இருந்துச்சு, இப்போ கோவம் கோவமா வருது. சின்ன வயசுலேருந்து சோம்பேறின்னு திட்டு வாங்கியே வளந்தேன்.

பதில்: கோவம் வரட்டும்ங்க, நியாயமான கோவம் தான். மனநல டாக்டர்ங்க டயக்னாசிஸுக்கு பாக்கற டிஎஸ்எம்-5ங்கற கையேடு படி 12 வயசுக்கு முன்னாடியே சில அறிகுறி இருந்திருந்தா தான் இந்த டயக்னாசிஸே குடுப்பாங்க, அப்போ நீங்க திட்டு வாங்கின அந்த வயசுலயே இது உங்ககிட்ட இருந்திருக்கு. பழைய ரிப்போர்ட் கார்டு இருந்தா எடுத்து பாருங்க, "நல்லா படிக்கிற பையன், கவனம் தான் பத்தல"ன்னு டீச்சர் எழுதியிருந்தா இப்போ அது வேற மாதிரி தெரியும். அவசரப்பட்டு யாரையும் மன்னிக்க வேண்டியதில்ல.

கேள்வி: அக்கா, என் மேலயே எனக்கு நம்பிக்கை இல்ல. எத ஆரம்பிச்சாலும் பாதில விட்டுடுவேன்னு எனக்கே தெரியும்.

பதில்: இதுக்கு தான்மா நான் நிறைய சொல்லணும். நாளைலேருந்து காலைல அஞ்சு மணிக்கு எந்திரிப்பேன், வீட்ட பளபளன்னு வெப்பேன்னு பெருசா சத்தியம் பண்றோம், மூணாவது நாள் உடையுது, நம்பிக்கை போறது அங்க தான். அதனால வாக்கு குடுக்கறதையே சின்னதாக்குங்க. "ரிப்போர்ட் முடிக்கணும்" வேணாம், "பல்லு தேய்ச்சு முடிச்ச உடனே லேப்டாப்ப திறந்து தலைப்ப மட்டும் டைப் பண்ணுவேன்", அவ்ளோதான். இது நடந்தா அத செய்வேன்னு முன்னாடியே முடிச்சு போட்டு வெக்கறத பீட்டர் கோல்விட்சர்ங்கற சைக்காலஜிஸ்ட் ரொம்ப வருஷமா ஆராய்ச்சி பண்ணியிருக்கார், அந்த நேரத்துல என்ன பண்றதுன்னு மண்டைய போட்டு உடைக்க வேண்டியதில்லங்கறது தான் அதோட பலம். அப்புறம், தனியா போராடாதீங்க. பிரிக்காத கவரா டிராயர் நிறைய வெச்சிருந்த ஒருத்தங்க, தங்கச்சிய வீடியோ கால்ல உக்கார வெச்சு, ரெண்டு பேரும் ஒண்ணும் பேசாம அவங்கவங்க வேலைய பாத்துட்டே எல்லாத்தையும் பிரிச்சாங்க, கட்ட வேண்டியது, கிழிச்சு போட வேண்டியதுன்னு ரெண்டே அடுக்கு. பாடி டபுளிங்ம்பாங்க இத. பக்கத்துல ஆள் வெச்சு செஞ்சதும் நீங்க செஞ்சது தான், அதுல கொறச்சல் எதுவும் இல்ல.

கேள்வி: தியானம் பண்ணுன்னு எல்லாரும் சொல்றாங்க, கண்ண மூடினா தான் இன்னும் நூறு யோசனை வருது.

பதில்: உக்காந்து தான் பண்ணணும்னு யார் சொன்னா? நடந்துட்டே பாதம் தரைல படறத கவனிங்க, மூச்ச உள்ள இழுக்கறத விட வெளிய விடறது நீளமா இருக்கட்டும். வர்ற யோசனைய ஒரே ஒரு நோட்டுல எழுதிடுங்க, மறந்துடுவோமோங்கற பயம் தான் பாதி படபடப்பு. தூக்கத்தயும் பாருங்க, ஏடிஹெச்டி இருக்கற நிறைய பேருக்கு உடம்போட கடிகாரமே லேட்டா தான் ஓடும், தூக்கம் கெட்டா மறுநாள் எல்லாமே கெடும்.

கேள்வி: மாத்திரை போட்டா நான் நானா இருப்பேனா?

பதில்: இருக்கணும். மந்தமா, உணர்ச்சியே இல்லாத மாதிரி இருந்தா டோஸ் சரியில்லாம இருக்கலாம், சைக்யாட்ரிஸ்ட்கிட்ட சொல்லுங்க, நீங்களா கூட்டி கொறைக்காதீங்க. ஏடிஹெச்டிக்கு குடுக்கற மருந்துல மெத்தில்ஃபெனிடேட் அன்னிக்கே வேலை செய்யும், அட்டமாக்செட்டின்னா முழு பலன் தெரிய சில வாரம் ஆகும். பிபி, நாடித்துடிப்பு ரெண்டையும் அப்பப்போ பாக்கணும், ஹார்ட் பிரச்சனை எதாவது இருந்தா மொதல்லயே சொல்லிடுங்க.

கேள்வி: ஆஃபீஸ்ல சொல்லலாமா?

பதில்: மேனேஜர் எப்படிப்பட்டவர்னு உங்களுக்கு தான் தெரியும். ஏடிஹெச்டிங்கற பேர சொல்லாமலே வேண்டியத கேக்கலாம், "பேசினத ஒரு மெயில்ல போட்டுடுங்க, எனக்கு அப்படின்னா தான் விட்டுப்போகாது"ன்னு.

கேள்வி: ஒருத்தர் ஒரு வார்த்தை சொல்லிட்டா நாள் முழுக்க அதுலயே கெடக்கேன்.

பதில்: ஏடிஹெச்டில இது ரொம்ப பேருக்கு இருக்கு, உணர்ச்சி சட்டுனு ஏறிடும், எறங்க நேரமாகும். நீங்க தொட்டாச்சிணுங்கி இல்லங்க. ஆனா வாழவே பிடிக்கலங்கற அளவுக்கு போனா அன்னிக்கே டாக்டர பாருங்க, கூட டிப்ரஷனும் இருக்கலாம், அதுக்கு தனியா வைத்தியம் வேணும். மத்த நாள்ல பதில் மெசேஜ நோட்டுல டைப் பண்ணுங்க, அனுப்பற இடத்துல வேணாம். முகம் கழுவி ஒரு சுத்து நடந்துட்டு வந்து படிங்க, அப்பவும் சரின்னு பட்டா அனுப்புங்க.