மாலையும் பொன்னாடையும் வாடகை கட்டாது

வணக்கம் அம்மா.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மகள் நான்கு வருடமாகப் பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒரு ஃபேக்டரியில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறாள். இப்போது வேலையை விட்டுவிட்டு முழுநேரப் பேச்சாளராகப் போகிறேன் என்கிறாள். அப்பா பத்து நாளாக அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "ஆள் குறைப்பு, ஆள் குறைப்பு என்று ஊரே பயந்து கிடக்கும்போது கையில் இருப்பதை விடலாமா? பேச்சு சோறு போடுமா?" என்று கேட்கிறீர்கள்.

போடும். அவள் நினைத்துக்கொண்டிருக்கும் பேச்சுதான் போடாது.

நீங்கள் அனுப்பிய கோயில் விழா வீடியோவைப் பார்த்தேன். நல்ல குரல், தடுமாற்றம் இல்லை. ஆனால் "தமிழுக்கு வணக்கம், அவைக்கு வணக்கம்" என்று தொடங்கி ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் குரல் மேலே போய் இழுக்கிறது, கூடவே வலது கை ஆள்காட்டி விரலும் எழுகிறது. தமிழ்ப்பள்ளிப் பேச்சுப் போட்டியில் வாங்கிய பழக்கம் அது. ஆசிரியர் எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் செய்து, மணி அடிப்பதற்குள் ஒப்பித்து, கோப்பை வாங்கிய எல்லாருக்கும் இருக்கும். எனக்கும் இருந்தது, விட மூன்று வருடம் ஆனது. நம் சங்கங்களும் கோயில்களும் பேச்சாளருக்கு மாலை போடும், பொன்னாடை போர்த்தும், ராத்திரி சாப்பாடு போடும், மிஞ்சினால் பெட்ரோலுக்கு ஒரு கவர் கொடுக்கும். அதைக் குறை சொல்லவில்லை, அவர்களிடம் இருப்பது அவ்வளவுதான். என் அலமாரியில் பொன்னாடைக்கென்றே ஒரு தட்டு இருக்கிறது.

பேச்சைத் தொழிலாகச் செய்பவர்களுக்கு நம் நாட்டில் பணம் வேறு வழியாக வருகிறது. 10 அல்லது அதற்கு மேல் மலேசியத் தொழிலாளர்களை வைத்திருக்கும் முதலாளிகள், சட்டத்தில் சொன்ன துறைகளில் இருந்தால், மாதச் சம்பளத்தில் 1 விழுக்காட்டை, தொழிலாளர் பயிற்சி நிதியைப் பார்த்துக்கொள்ளும் அரசாங்க அமைப்பான எச்ஆர்டி கார்ப்புக்கு லெவியாக, அதாவது கட்டாயக் கட்டணமாக, கட்ட வேண்டும். அந்தப் பணம் பயிற்சிக்கு மட்டும்தான். போனஸ் கொடுக்கக் கைவைக்க முடியாது. கம்பெனி பயிற்சிக்கு ஆள் தேடுவதற்கு அது ஒரு பெரிய காரணம். அந்தப் பயிற்சியை நடத்துபவருக்கு 'டிரெயின் த டிரெய்னர்' என்னும் பயிற்றுநர் சான்றிதழ் வேண்டும், வழக்கமாக ஐந்து நாள் வகுப்பு. தனி ஆளாக உள்ளே நுழைவது கஷ்டம். பதிவு பெற்ற பயிற்சி நிறுவனத்தின் கீழ் போக வேண்டியிருக்கும், கட்டணத்தில் ஒரு பங்கை அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். முதல் சில வருடம் அதற்கு முகம் சுளிக்க வேண்டாம். வாசலைத் திறந்துவிடுபவர்கள் அவர்கள்தான்.

இப்போது என் கதை ஒன்று. 15 வருடத்துக்கு முன்னால் அதே பாயான் லெப்பாசில் ஒரு ஃபேக்டரி கேண்டீனில், இரவு ஷிஃப்ட் முடித்து வந்தவர்களுக்குக் காலை ஏழரைக்கு 'மன உறுதி' பற்றிப் பேசப் போனேன். தூசி நுழையாத கிளீன்ரூமில் போடும் தொப்பியின் ரப்பர் அழுத்திய கோடு எல்லார் நெற்றியிலும் சிவப்பாகத் தெரிந்தது. நான் கிணற்றில் விழுந்த தவளையின் கதையை எடுத்துவிட்டேன். கால் மணி நேரத்தில் முன்வரிசையில் இருந்த நேப்பாளிப் பையன் மேசையில் தலையைச் சாய்த்துவிட்டான். ஒரு மலாய் அக்கா மட்டும் மரியாதையாகக் கையைத் தூக்கினார். "என்சிக் (ஐயா), பஸ் எட்டரைக்குப் போய்விடும், தெரியும்தானே?" தவளை கிணற்றிலேயே கிடந்தது.

அடுத்த தடவை போனபோது, அந்த வாரம் வாடிக்கையாளர் திருப்பி அனுப்பிய சர்க்கியூட் பலகை ஒன்றை மேலாளரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். மேசையில் வைத்து, "இது யார் கையில் தப்பியது என்று கேட்கமாட்டேன், எந்த இடத்தில் தப்பியிருக்கும்?" என்றேன். தூங்கிய பையன் எழுந்து வந்து குனிந்து பார்த்தான். அரை மணி நேரம் அவர்களே பேசினார்கள். எனக்குத் தொழில் பிடிபட்டது அன்றைக்குத்தான்.

உங்கள் மகளைப் பாருங்கள். அந்தப் பலகையை நான் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. அவள் நான்கு வருடமாகத் தினமும் கையில் பிடிக்கிறாள். குறை எங்கே நுழைகிறது, ஷிஃப்ட் மாறும்போது எந்தத் தகவல் விட்டுப்போகிறது, புது ஆளிடம் எப்படிச் சொன்னால் புரிகிறது, எல்லாம் அவளுக்குத் தெரியும். அதை விட்டுவிட்டு 'வாழ்க்கையில் வெல்வது எப்படி' என்று பேசக் கிளம்புவது, பால் கறக்கும் மாட்டை விற்றுப் பால் பாத்திரம் வாங்குவது போல.

நிலைமை கெட்டால் முதலில் வேலை இல்லாமல் வீட்டில் உட்காருவது யார் என்பதையும் பார்த்திருக்கிறேன். 2020 மார்ச் 18-ஆம் தேதி கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது என் டைரியில் பேச்சுக்கென்று குறித்திருந்த 11 நாளும் ஒரே வாரத்தில் அடிபட்டுப் போயின. அதற்கு முந்தைய மாதம் பேசிய ஒரு கல்லூரி இன்றுவரை எனக்குப் பணம் தரவில்லை. பொதுவான தன்முனைப்புப் பேச்சு மட்டுமே வைத்திருந்த நண்பர் ஒருவர் மனைவியோடு சேர்ந்து கறிப்பொடி அரைத்து விற்றார். நல்ல பொடி, நானும் வாங்கினேன். வேலையிடப் பாதுகாப்பு, தரம், உணவுச் சுத்தம் என்று செய்தே ஆக வேண்டிய பொருளை வைத்திருந்தவர்களைக் கொஞ்ச நாளிலேயே ஜூமில் தேடிப் பிடித்துக் கூப்பிட்டார்கள்.

அதனால் இப்போதைக்கு வேலையை விட வேண்டாம் என்று என் பெயரைச் சொல்லியே மகளிடம் சொல்லுங்கள். ஆசையை விடச் சொல்லாதீர்கள். ஷிஃப்ட் தொடங்கும்போது நடக்கும் பத்து நிமிட பிரீஃபிங்கை நான் எடுக்கிறேன் என்று அவள் சூப்பர்வைசரிடம் கேட்கட்டும். பிறகு புது ஆட்களுக்கான அறிமுக வகுப்பு. மனிதவளப் பிரிவு (எச்ஆர்) மறுத்தால்கூட கேட்டவளை ஞாபகம் வைத்திருப்பார்கள். இதையெல்லாம் மலாயில் செய்ய வேண்டும். தமிழ் மேடையில் சிங்கமாக இருக்கும் நம் பிள்ளைகள் பலர் மலாயில் நின்று பேசச் சொன்னால் பூனையாகிவிடுகிறார்கள். தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் ஒரே விஷயத்தைச் சொல்லத் தெரிந்தவருக்குப் பினாங்கில் வேலைப் பஞ்சம் வந்து நான் பார்த்ததில்லை.

மேடைப் பேச்சு பழகும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றம் ஒன்றிலும் சேரட்டும், பினாங்கில் இருக்கிறது. 1924-இல் அமெரிக்காவில் தொடங்கிய பழைய முறைதான், ஆனால் போட்டிப் பேச்சு வியாதிக்கு நல்ல மருந்து. தலைப்பைக் கையில் கொடுத்து ஒன்றிரண்டு நிமிடம் உடனே பேசச் சொல்வார்கள், மனப்பாடத்துக்கு இடமே இல்லை. 'ஆ', 'ம்' என்று இழுப்பதை எண்ணவே ஒரு ஆள் உட்கார்ந்திருப்பார். பாயான் லெப்பாசில் 1989 முதல் இருக்கும் பினாங்கு திறன் மேம்பாட்டு மையத்தில் என்னென்ன வகுப்புகள் ஓடுகின்றன என்றும் பார்த்து வைக்கட்டும். ஃபேக்டரிகள் எதற்குக் காசு கொடுக்கின்றன என்பது அந்தப் பட்டியலிலேயே தெரிந்துவிடும்.

அப்பாவின் கவலை பணம். அது நியாயம். இந்தத் தொழிலில் பேசிய அன்று பணம் வராது, பில் அனுப்பி 60 நாள், 90 நாள் ஆகும். நோன்பு மாதத்திலும் சீனப் புத்தாண்டை ஒட்டியும் என் நாட்காட்டி வெள்ளையாகக் கிடக்கும். மகளுக்கு பிடிபிடிஎன் உயர்கல்விக் கடன் வேறு மாதா மாதம் இருக்கிறது. ஆறு மாதச் செலவு வங்கியில் இருந்து, லீவு எடுத்துக்கொண்டு போய்ப் பேசிய நாளில் குறைந்தது பத்து நாளுக்காவது காசு வாங்கியிருந்தால், அப்போது ராஜினாமாவைப் பற்றிப் பேசலாம். அந்தப் பத்தில் இரண்டாவது, பேசிய இடத்திலிருந்தே திரும்பக் கூப்பிட்டதாக இருக்க வேண்டும். அதைத்தான் நான் முக்கியமாகப் பார்ப்பேன்.

காசு வாங்கத் தொடங்கியதும் வியாபாரங்களைப் பதிவு செய்யும் எஸ்எஸ்எம்மில் பதிவு செய்யச் சொல்லுங்கள். சொந்தப் பெயரில் என்றால் வருடத்துக்கு 30 ரிங்கிட், வியாபாரப் பெயர் வைத்தால் 60. வருமான வரிக்கும் சம்பளக்காரர்களின் பிஇ பாரம் போய், சொந்தத் தொழில் செய்பவர்களின் பி பாரம் வரும், கெடு ஜூன் 30. வேலையை விட்ட பிறகு இபிஎஃப் சேமநிதியும் சொக்சோ சமூகப் பாதுகாப்புச் சந்தாவும் தானாகக் கட்டப்படாது, அவளே கட்ட வேண்டும். பலர் கோட்டைவிடும் இடம் இது.

வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மகளைக் கூட்டி வாருங்கள். கோயில் வீடியோ வேண்டாம். தன் லைனில் போன மாதம் நடந்த ஒரு தவற்றை எடுத்து, ஏழு நிமிடம், மலாயில், கைபேசியில் பதிவு செய்துகொண்டு வரட்டும். அப்பாவும் வர வேண்டும். அவர் பிறையில் 20 வருடம் ஃபோர்மேனாக இருந்தவர் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஏழு நிமிடத்தைக் கேட்டு, இந்தப் பிள்ளை சொல்வது வேலைக்கு ஆகுமா ஆகாதா என்று அவரே சொல்லட்டும்.